எங்கள் சென்டருக்கு ஒரு நாள் கட்டளை

நன்கொடை கேட்டு அனுப்பும் விண்ணப்பம் எதுவானாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். எங்கள் உதவி நின்ற பிறகு இதை எப்படித் தொடர்ந்து நடத்துவீர்கள் என்று அதில் கேட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் நான் எழுதாத பொய் இல்லை. ‘உள்ளூர் மக்களின் பங்களிப்போடு’ என்று ஆரம்பித்து நாலு வரி எழுதுவேன். அது பொய் என்று எழுதுகிற எனக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை அது.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். வீடு ஸ்ரீரங்கத்தில். ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன டிரஸ்ட் ஆரம்பித்தோம். மற்ற மூன்று பேரும் பேரன் பேத்தி பார்க்க வெளியூர் போய்விட, கடைசியில் நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். காட்டூரில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு வரை சென்டர் நடத்துகிறோம். வருகிறவர்கள் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள். பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ ஒன்றிரண்டு பாடத்தில் தவறியவர்கள், வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்கள் என்று நாற்பது பேர். கணக்கும் சயின்சும் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு டீச்சர். அந்தப் பெண் இல்லையென்றால் சென்டர் இல்லை, நான் வெறும் பெயர்ப்பலகை.

மூன்று வருஷம் பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி ஒரு நாள் கடிதம் அனுப்பியது. எங்கள் முன்னுரிமைகள் மாறியுள்ளன என்று எழுதியிருந்தார்கள். இனிமேல் மரம் நடப் போகிறார்களாம். மரம் நட்டால் அது பரீட்சையில் பெயிலாகாது, போட்டோவிலும் பச்சையாக விழும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலாவதாக நன்றி தெரிவித்து ஒரு பதில் அனுப்பினேன்.

டீச்சருக்கு அதற்குள் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேலை வந்திருந்தது. “ஜூன் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன் மேடம். அதுக்குள்ள சொல்லிடுங்க” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

கொஞ்ச நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். நம் ஊரில் கொடுக்க மனசு இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் எதற்குக் கொடுப்பது என்பதில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். “சாப்பாடு போட்டுடுவோம்மா, எத்தனை குழந்தைங்க?” என்பார் பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக்கடைக்காரர். குழந்தைகள் இல்லை, எல்லாம் மீசை முளைத்த பையன்கள், பதினெட்டு வயதுப் பெண்கள் என்றால் முகம் மாறும். “அப்ப வேலைக்குப் போலாமேம்மா.” டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்கு உதவுங்கள் என்று கேட்டால் என்னமோ நான் என் பட்டுப்புடவைக்குக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். சோறு போட்டால் புண்ணியம் உண்டு. சம்பளத்துக்கு எந்தச் சாஸ்திரத்தில் புண்ணியம் சொல்லியிருக்கிறது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவளுக்கு அது வருவதற்கு இத்தனை வருஷம் ஆனதுதான் ஆச்சரியம். கோயிலில் கட்டளை என்று ஒன்று உண்டு. ஒரு குடும்பம் ஒரு தொகையை முதலாகப் போட்டுவிடும். அதன் வட்டியில் வருஷா வருஷம் குறிப்பிட்ட நாளில் அவர்கள் பெயரில் புஷ்பமோ பிரசாதமோ நடக்கும். போட்டவர் போய்ச் சேர்ந்த பிறகும் கட்டளை நடக்கும். எங்கள் சென்டரின் ஒரு நாள் செலவு என்ன? டீச்சர் சம்பளத்தில் ஒரு நாள் பங்கு, வாடகை, கரண்ட், சுண்டல். அந்த ஒரு நாளுக்கு வட்டி வருகிற மாதிரி பேங்கில் ஒரு டெபாசிட். அப்பா பெயரில் ஒரு நாள், கல்யாண நாளுக்கு ஒரு நாள். சம்பளம் என்ற வார்த்தையே வாயில் வரவேண்டாம். ஒரு நாள் கட்டளை என்று சொன்னால் போதும்.

சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள். சம்பளத்துக்குக் கொடுக்காத அதே பாத்திரக்கடைக்காரர் கட்டளைக்கு இரண்டு நாள் எழுதிக்கொண்டார். வைகாசி முடிவதற்குள் பதினெட்டு நாள் சேர்ந்துவிட்டது. நானே ஒரு பெரிய சார்ட்டில் வருஷம் முழுக்கக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பெயர் எழுதிச் சுவரில் ஒட்டினேன். துணைத் தேர்வு நடக்கும் இரண்டு வாரத்தை மட்டும் சிவப்பு மையில் கட்டி, அதற்குள் எந்தக் கட்டளையும் கிடையாது, எந்த விழாவும் கிடையாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

அந்தச் சார்ட்டில்தான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. நம்மில் யாருக்கும் பிறந்தநாள் இரண்டு. ஆபீசுக்கு இங்கிலீஷ் தேதி, வீட்டுக்கு நட்சத்திரம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற இன்ஜினியர், போன வருஷம் மனைவியை இழந்தவர், அந்த அம்மாளின் பெயரில் ஒரு நாள் கேட்டிருந்தார். “அவளோட நக்ஷத்ரத்துல வெச்சுக்கோங்கோ. ஆனி ஹஸ்தம்” என்றார். நான் போன வருஷத்து நாள்காட்டித் தாளைப் புரட்டி, ஆனி மாதத்து ஹஸ்தம் என்றைக்கு வந்தது என்று பார்த்து, அந்த இங்கிலீஷ் தேதியைக் கட்டத்தில் எழுதிவிட்டேன். நட்சத்திரம் வருஷா வருஷம் நகரும் என்பது எனக்குத் தெரியாதா? என் பிள்ளையின் நட்சத்திரப் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் பார்த்துத்தான் பாயசம் வைக்கிறேன். பேனாவைப் பிடித்ததும் ஆபீஸ் புத்தி வந்துவிட்டது. பாலிசிக்குத் தேதி போட்ட கை அல்லவா?

துணைத் தேர்வு எழுத இருந்தவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவளைப் பற்றியதுதான். உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதுவும் குத்தகை நிலம். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி மட்டும் போய்விட்டது. காட்டூரில் சித்தி வீட்டில் தங்கி எங்கள் சென்டரில் படித்தாள். சித்தி வீடு ஒற்றை அறை, எந்நேரமும் டிவி. அதனால் நாலரைக்குத் திறக்கும் சென்டருக்கு நாலு மணிக்கே வந்து மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். கெமிஸ்ட்ரி தேறினால் இந்த வருஷமே நர்சிங் டிப்ளமோ சேரலாம். தேறாவிட்டால் ஊருக்குப் போய் ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிற பெண்ணை அவள் அம்மா சும்மா விட்டு வைக்க மாட்டாள். தன் தம்பிக்கே, அதாவது இவளுடைய தாய்மாமனுக்கே, கட்டி வைத்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் எண்ணம். “எனக்கு அதுல இஷ்டம் இல்ல மேடம்” என்று சேர்ந்த அன்றே என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பதினெட்டு முடிந்துவிட்டதால் சட்டத்தைக் காட்டியும் யாரையும் பயமுறுத்த முடியாது. அந்தக் கெமிஸ்ட்ரி ஒன்றுதான் அவளுக்கு இருந்த வழி.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் பெரியவர் போன் செய்தார்.

“நாளன்னிக்கு ஹஸ்தம். நாலு மணிக்கு வந்துடறோம். தளிகையெல்லாம் ஆள் வெச்சு நம்மாத்துலயே பண்ணி எடுத்துண்டு வரோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சார்ட்டில் குறித்திருந்த தேதி அதற்கும் பத்து நாள் தள்ளி இருந்தது. நாளன்னிக்கு என்பது சிவப்புக் கட்டத்துக்குள் நட்டநடுவில், கெமிஸ்ட்ரிக்கு முந்தின நாள்.

“மாமா, மறுநாள் பசங்களுக்குப் பரீட்சை. ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா?” என்றேன்.

“நக்ஷத்ரத்தை நாம தள்ளி வைக்க முடியுமோ? பையன் வேற வந்திருக்கான், வெள்ளிக்கிழமை அவனுக்குத் திரும்பிப் போக ஃப்ளைட். அவன்தான் பாருங்கோ, ஒரு நாள் என்ன, அம்மா பேர்ல நூறு நாளா எழுதிடறேன்னு சொல்லிண்டிருக்கான். குழந்தைகள் படிப்பு கெடப்படாது. அரை மணில முடிச்சுண்டு கிளம்பிடுவோம்.”

நூறு நாள். டீச்சர் கேட்ட கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. அவரும் மிரட்டவில்லை, பெருமை அடிக்கவில்லை. நாற்பத்தாறு வருஷம் கூட இருந்த மனைவியின் நட்சத்திரத்தில் நாலு பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். சார்ட்டில் நான் செய்த தப்பை அவரிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பார். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, “வாங்க மாமா, தாராளமா” என்றேன்.

டீச்சரிடம் சொன்னபோது, “சரி மேடம், பெரிய பசங்கள விட்டுடலாம். மறுநாள் கெமிஸ்ட்ரி எழுதறவங்க அஞ்சு பேரு. அவங்க வீட்லயே இருக்கட்டும்” என்றாள். அதையாவது கேட்டிருக்கலாம். வீட்டில் இருந்தால் எங்கே படிப்பார்கள், இங்கேயே வரட்டும், அரை மணி நேரம்தானே என்று சட்டம் பேசினேன். உண்மையில் ஆள் குறைந்தால் பார்க்க நன்றாக இருக்காதே என்பதுதான் என் கவலை.

சாப்பாடு வந்த வேன் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. நாலு மணிக்கு வரவேண்டியவர்கள் ஐந்தரைக்கு வந்தார்கள். அதுவரை பிள்ளைகளைப் புத்தகம் எடுக்க வேண்டாம், இதோ வந்துவிடுவார்கள் என்று வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அந்தப் பெண் மட்டும் எழுந்து என்னிடம் வந்தாள்.

“மேடம், நான் கீழ படியில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கவா? ரெண்டு சாப்டர் பாக்கி இருக்கு.”

“இரும்மா, ஒரு அரை மணி நேரம். உங்க படிப்புக்குத்தானே இவ்வளவும்” என்றேன்.

அவள் வரிசைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். எதிர்த்துப் பேசத் தெரியாத பெண்.

வந்தவர்கள் நல்ல மாதிரி. பெரியவர், அவர் மகன், மருமகள். படம் வைத்து, பூப்போட்டு, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும். மீசை முளைத்த பையன்கள் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்கள். மருமகள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தவள், “ஆன்ட்டி, யாராவது ஒரு பொண்ணுக்கு மாமியார் பேர்ல ஒரு புடவை வெச்சுக் குடுக்கலாம்னு கொண்டு வந்திருக்கேன். அவளே ரெண்டு வார்த்தை பேசினா நன்னா இருக்கும்” என்றாள்.

என் கண் நேராக அந்தப் பெண்ணிடம்தான் போனது. பெண்களில் அவள்தான் பெரியவள். அதோடு, அவளிடம்தான் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. பச்சையாகச் சொல்கிறேன், அதைத்தான் அப்போது நினைத்தேன்.

புடவையை வாங்கிக்கொண்டு நின்றாள். உன்னைப் பற்றிச் சொல்லும்மா என்றதும் பெயரைச் சொன்னாள், பிளஸ் டூ என்றாள், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. செல்போன் ஓடிக்கொண்டிருந்தது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டு நான் ஆரம்பித்தேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்டுகள் பாலிசி பிடிக்கும் அழகை முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். உங்களுக்கு நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால் குழந்தைகள் கதி என்ன என்று கேட்டுவிட்டு, சட்டென்று பேச்சை நிறுத்துவார்கள். அந்த இடத்தில்தான் கையெழுத்து விழும். எனக்கும் அது வந்துவிட்டது. காய்ந்த குத்தகைக் காட்டைச் சொன்னேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவதைச் சொன்னேன். கெமிஸ்ட்ரியில் பெயிலானதைச் சொன்னேன். “நாளைக்கு இவ பாஸ் பண்ணலைன்னா, தன்னைவிடப் பதினாலு வயசு பெரியவரான தாய்மாமனுக்கு இவளைக் கட்டி வெச்சிடுவாங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெரியவர், “பெருமாளே” என்றார். என் கைக்கு அடியில் அந்தப் பெண்ணின் தோள் கல் மாதிரி இறுகியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை. பின் வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பையனின் காதில் என்னவோ சொன்னான்.

எல்லாம் முடிய ஏழே முக்கால் ஆயிற்று. கிளம்பும்போது மகன் என்னிடம் வந்து, நூறு நாள் வேண்டாம், வருஷம் முழுக்கவும் அம்மா பெயரில் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். மற்றவர்கள் கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும், மிச்ச நாள் எல்லாம் என்னுடையது என்றார். எனக்குக் காலில் தரை பாவவில்லை. அந்தப் பெண் எப்போது கிளம்பினாள் என்று நான் பார்க்கவில்லை. புடவையை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று டீச்சர் சொன்னாள். பரீட்சைப் பதற்றம், மறந்திருப்பாள் என்றேன்.

பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். மருமகள் அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே அதை இரண்டு தரம் பார்த்தேன். நான் பேசியது எனக்கே பிடித்திருந்தது. சென்டரின் வாட்ஸ்அப் குரூப்பில், நமக்கு நல்ல காலம் பிறந்தது என்று ஒரு வரி எழுதி அதைப் போட்டேன். அந்தக் குரூப்பில் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளின் வீட்டு நம்பர்களும் இருக்கின்றன. நான்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு டீச்சர் பரீட்சை நடக்கும் பள்ளி வாசலிலிருந்து போன் செய்தாள். நாலு பேர் வந்துவிட்டார்கள், அந்தப் பெண் வரவில்லை, போன் அணைத்திருக்கிறது. ஆட்டோ பிடித்துக் காட்டூருக்கு ஓடினேன். சித்தி வாசலிலேயே நின்றாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“அக்கா மொத பஸ்ஸுக்கே வந்து இட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. ராத்திரியே ஊர்ல எல்லார் போன்லயும் அதான் ஓடுதாம். பெத்தவ பொண்ண விக்கப் பாக்குறான்னு எவனோ கேட்டிருக்கான். சும்மா இருப்பாங்களா?”

“பரீட்சை இருக்குன்னு சொல்லலியா?”

“அவ சொன்னா. எழுதிட்டு வந்துடறேம்மா, பன்னண்டு ஒண்ணுக்கு முடிஞ்சிரும்னு அழுதா. யாரு கேக்குறா? நீங்க போட்டதுதாங்க எல்லாம்.”

மணி பத்தாகிவிட்டது. அந்த வாசலில் நின்றுகொண்டு, இப்போது கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்த வியாழக்கிழமையே பெரியவரின் மகன் பேங்குக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பது பாதி உண்மை. சொன்னால் கையெழுத்துப் போட மாட்டாரோ என்பது மீதி. பெரியவர் இரண்டு தரம் என்னைக் கேட்டார், அந்தக் குழந்தை பரீட்சை நன்னா எழுதினாளா என்று. எழுதியிருப்பாள் மாமா என்று மென்று விழுங்கினேன். டீச்சர் பள்ளிக்கூட வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சென்டர் இனி யார் தயவும் இல்லாமல் நான் செத்த பிறகும் நடக்கும். விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் இனி நான் பொய் எழுத வேண்டியதில்லை. விண்ணப்பமே எழுத வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து உப்பிலியபுரத்துக்குக் கிளம்பினேன். டீச்சரைக் கூப்பிட்டேன். “நான் வரல மேடம். நீங்க போயிட்டு வாங்க” என்றாள். அதற்கு மேல் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீடியோல வந்த பொண்ணு வீடா என்று பஸ் நிறுத்தத்திலேயே வழி சொன்னார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். வாசலில் ஒரு லோடு வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.

“உக்காருங்கம்மா. நான்தான் அந்த மாமன்” என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. அவரே பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“அன்னிக்கு நான் லோடு ஏத்திக்கிட்டு நாமக்கல் போயிருந்தேங்க. ஊர்ல இருந்திருந்தா, என்ன ஆனாலும் பரிச்சைய எழுத வெச்சிட்டுத்தான் அக்காவ இட்டார விட்டிருப்பேன். கட்டிக்க மாட்டேன்னு நான் நாலு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேங்க. தூக்கி வளத்த புள்ள. சித்தி வீட்டுக்கு மாசாமாசம் அரிசியும் பணமும் நான்தான் குடுக்கறேன். அது நர்ஸு ஆவணும்னு எனக்குத்தான் ஆசை. எனக்குத் துறையூர்ல ஒரு எடத்துல பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க. அந்த வீடியோவப் பாத்துட்டு இப்ப யோசிக்கிறாங்க.”

அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதில்லை. அதுதான் விஷயம். சேர்ந்த அன்று அந்தப் பெண் இரண்டையும் சொன்னாள். அம்மா கட்டி வைக்கப் பார்க்கிறாங்க, மாமா வேணாம் படிக்கட்டும்ங்கறாரு, பணம் அவர்தான் குடுக்கறாரு என்று சொன்னாள். என் கையால்தான் படிவத்தில் எழுதினேன். கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதும்போது இரண்டாவது வரியை எடுத்துவிட்டேன். நல்ல மாமன் ஒருவன் இருந்தால் கொடுக்கிறவர்கள், அவரே பார்த்துக்கொள்வாரே, நாங்கள் எதற்கு என்று கேட்பார்கள். எடுத்தது எடுத்தபடி என் வாயில் பழகிவிட்டது. இங்கே கொஞ்சம் முன்னால் உங்களுக்கு அவளைப் பற்றிச் சொன்னேனே, அப்போதும் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

அந்தப் பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வயதுக்கு அது சுலபமாக வரவில்லை. அவள் பரவாயில்ல மேடம் என்று சொல்லவில்லை.

“மார்ச்ல எழுதலாம்மா. டீச்சர் காத்துக்கிட்டு இருக்காங்க. இனிமே சென்டருக்கு ஒரு கவலையும் இல்ல, எப்பவும் இருக்கும்” என்றேன்.

“எழுதுவேன் மேடம். மாமாவும் எழுதச் சொல்றாரு. துறையூர்ல ஒரு டியூஷன் இருக்கு, அங்க போறேன். உங்க சென்டருக்கு வரல.”

டியூஷனுக்கு என்ன கேட்பார்களோ, தினம் பஸ் செலவு வேறு. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும்போதே என் பென்ஷனிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். யாருடைய கட்டளையும் இல்லை, என் சொந்தப் பணம். கைப்பையைத் திறந்து கவரை எடுத்தேன்.

அவள் கையை நீட்டவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“வேணாம் மேடம். அப்புறம் இதையும் எங்கயாவது சொல்லுவீங்க.”

கவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். ஊர் திரும்ப, துறையூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் மாமனிடம் கேட்டேன்.